வலிமை யாருக்காக? தடைப் பாதையின் தந்தை ஜோர்ஜ் எபேர்

வாழைச்சேனைப் பிரதேசத்துப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் நடைபெறும் இல்ல விளையாட்டுப் போட்டிகளில், பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருங்கே மகிழ்விக்கும் நிகழ்ச்சிகளுள் தடை ஓட்டமும் ஒன்றாகும். வாங்கின் மேல் நடந்து, ஏணிக் கண்களினூடாகப் புகுந்து, வலையின் கீழ் தவழ்ந்து, சாக்கினுள் கால் நுழைத்துத் துள்ளி வரும் சிறுவர்களைக் கண்டு மைதானமே சிரிக்கும். எமக்கு அது ஒரு வேடிக்கை நிகழ்ச்சி. மறுபுறத்தில், போர் நிகழ்ந்த ஆண்டுகளில் தடை தாண்டல் என்ற சொல் இப்பிரதேச மக்களுக்கு ஆயுதப் பயிற்சி முகாம்களையே நினைவூட்டியது. அச்சொல்லைக் கேட்டு அஞ்சிய தாய்மார் பலர்.

வேடிக்கைக்கும் அச்சத்துக்கும் அப்பால் இப்பயிற்சிக்கு மூன்றாவது நோக்கமொன்று உண்டு. ஆபத்தில் சிக்கிய அயலவரைக் காப்பாற்றும் ஆற்றலை ஒவ்வொரு மனிதருக்கும் அளிப்பதே அந்நோக்கம். இன்றைய தடைப் பாதைகளுக்கு வழிகாட்டியாக விளங்கிய பிரான்ஸ் நாட்டுக் கடற்படை அதிகாரி ஜோர்ஜ் எபேரின் வாழ்வு முழுவதும் இந்நோக்கத்தைச் சுற்றியே அமைந்திருந்தது. கடலையும் களப்பையும் அருகில் வைத்துக்கொண்டு வாழும் எம்மவர், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், அன்னாரின் வரலாற்றை அறிந்திருத்தல் பயனுடையது.

எபேர் 1875 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27 ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். இளவயதிலேயே பிரெஞ்சுக் கடற்படையில் இணைந்து, பாய்மரக் கப்பல்களின் காலம் முற்றாக மறைந்துவிடாத அந்நாளில் பல தேசங்களுக்கும் பயணஞ் செய்தார். கப்பற் பாய்மரங்களில் ஏறும் மாலுமிகளின் உடலுறுதி அவரைக் கவர்ந்தது. ஆபிரிக்காவிலும் ஏனைய வெப்ப வலய நாடுகளிலும் கண்ட மக்களின் உடற்கட்டு அவரைச் சிந்திக்க வைத்தது. எந்த உடற்பயிற்சி ஆசிரியரிடமும் கற்காத அம்மக்கள் நெகிழ்வும் சுறுசுறுப்பும் தாங்கும் வலிமையும் உடையோராய் விளங்கினர். நடந்தும் ஓடியும், மரமேறியும் சுமை தூக்கியும், ஆறு கடந்தும் வேட்டையாடியும் வாழ்ந்ததால் வாழ்க்கையே அவர்களுக்குப் பயிற்சியாயிற்று என அவர் முடிவு செய்தார். குடியேற்ற நாட்டு அதிகாரி ஒருவரின் கண்ணோட்டம் அதில் கலந்திருந்தது என்பதை இன்று நாம் மறுப்பதற்கில்லை. அம்மக்களின் துயரங்களைவிட அவர்களின் தேகக் கட்டையே அவர் அதிகம் கண்டார். ஆயினும் அவர் கண்டறிந்த அடிப்படை உண்மை பழுதற்றது.

அவரது வாழ்வின் திருப்புமுனை 1902 இல் நிகழ்ந்தது. கரீபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவு அன்று பிரான்சின் ஆட்சியில் இருந்தது. அத்தீவின் செழிப்பு மிக்க துறைமுக நகரான சென் பியருக்கு மேலே பெலே என்னும் எரிமலை நின்றது. வாரக்கணக்கில் புகைந்து சாம்பலைக் கொட்டிய அம்மலை, மே மாதம் 8 ஆம் திகதி காலையில் வெடித்தது. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் மலைச்சரிவில் இறங்கி, சில நிமிடங்களிலேயே நகரை மூடியது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். நகரின் நடுவே உயிர் தப்பியோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுள் ஒருவர் தடித்த சுவர்களையுடைய சிறைக் கூடமொன்றில் அடைக்கப்பட்டிருந்த கைதியாவார்.

அவ்வேளையில் அப்பகுதியில் பணியாற்றிய பிரெஞ்சுக் கடற்படையின் இளம் அதிகாரியான எபேருக்கு அப்போது வயது 27. நகரைச் சூழ்ந்த பகுதிகளில் சிக்கியிருந்தோரைக் கப்பலுக்குக் கொண்டுவரும் பணியில் அவர் ஈடுபட்டார். அவரது முயற்சியினால் சுமார் 700 பேர் மீட்கப்பட்டனர் என அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். சாம்பல் படிந்த கரையில் முதியோரையும் காயமுற்றோரையும் சுமந்து, படகேற்றி, அலைகளைக் கடந்து செல்வதற்குத் துணிவு மட்டும் போதாது. துணிவுள்ள நெஞ்சு பயிற்சியற்ற உடலில் இருந்தால் அது பார்த்துக் கலங்கவே முடியும். பயிற்சி பெற்ற உடலில் இரக்கமற்ற நெஞ்சு இருந்தால் அது தன்னை மட்டுமே காத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே மனிதனிடத்தில் இணைய வேண்டும் என்ற எண்ணம் எபேரின் உள்ளத்தில் வேரூன்றியது. மனிதன் வலிமை பெறுவது பிறருக்குப் பயன்படுவதற்காகவே என்பது அன்று முதல் அவரது வாழ்நாள் கோட்பாடாயிற்று.

பிரான்சுக்குத் திரும்பிய எபேர், லோரியன் துறைமுகத்தில் அமைந்திருந்த கடற்படைத் துப்பாக்கி வீரர் பயிற்சிக் கல்லூரியில் உடற்பயிற்சிக்குப் பொறுப்பேற்றார். அந்நாளில் ஐரோப்பாவெங்கும் சுவீடன் நாட்டவரான லிங் என்பாரின் வழியில் வந்த உடற்பயிற்சி முறை செல்வாக்குப் பெற்றிருந்தது. மாணவர் வரிசையாக நின்று, ஆசிரியரின் கட்டளைக்கேற்ப கையை உயர்த்துவர், காலை நீட்டுவர், இடுப்பை வளைப்பர். எமது பாடசாலைகளில் நெடுங்காலம் டிறில் என்ற பெயரில் நடந்ததும் இதனை ஒத்ததே. இப்பயிற்சி ஒழுங்கைத் தரலாம். ஆனால் மதிலொன்றைத் தாண்டவோ மூழ்குபவரை மீட்கவோ அது எவருக்கும் கற்பிப்பதில்லை என எபேர் வாதிட்டார்.

அவர் உருவாக்கியது இயற்கை முறை எனப் பெயர் பெற்றது. நடத்தல், ஓடுதல், பாய்தல், கைகளாலும் கால்களாலும் தவழ்தல், ஏறுதல், சமநிலை பேணுதல், எறிதல், தூக்கிச் சுமத்தல், தற்காத்தல், நீந்துதல் என மனித இயக்கங்களை அவர் பத்தாக வகுத்தார். ஒவ்வொரு பயிற்சி வேளையிலும் இவற்றுள் இயன்றவை அனைத்தும் இடம்பெற வேண்டும் என்றார். திறந்த வெளியில், இலேசான ஆடையுடன், வெயிலும் காற்றும் உடலிற் படும்படி பயிற்சி நடைபெறும்.

இப்பத்தினையும் வாசிக்கும்போது எமது முன்னோரின் அன்றாட வாழ்வே கண்முன் வருகின்றது. தென்னையில் ஏறினர், தோணியில் நின்று சமநிலை பேணினர், வீச்சுவலை எறிந்தனர், நெல்மூடை சுமந்தனர், களப்பில் நீந்தினர், சீனடியும் சிலம்படியும் கற்றுத் தம்மைக் காத்தனர். பிரெஞ்சு அதிகாரி நூல்களில் வகுத்தவற்றைக் கோறளைப்பற்றின் கடற்றொழிலாளரும் கமக்காரரும் பெயரிடாமலே செய்து வந்தனர். இன்று எமது பிள்ளைகளின் வாழ்வில் இவற்றுள் எத்தனை எஞ்சியுள்ளன என்பது வேறு வினா.

தடைப் பாதை பிறந்த கதை இங்குதான் வருகின்றது. எபேரின் முறையில் பயிற்சி இரு வகையில் நடைபெறும். முதலாவது, நாட்டுப்புறத்தினூடாக 5 முதல் 10 கிலோமீற்றர் வரை செல்லும் நெடும் பயணம். வழியிற் குறுக்கிடும் பள்ளத்தைப் பாய்ந்து, வேலியைத் தாண்டி, மரத்தில் ஏறி, வீழ்ந்து கிடக்கும் மரக்குற்றியின் மேல் நடந்து, நீரோடையைக் கடந்து செல்ல வேண்டும். இரண்டாவது, இத்தகைய நிலப்பரப்பு கிடைக்காத இடத்தில், மட்டுப்படுத்தப்பட்ட மைதானமொன்றில் செயற்கையாகத் தடைகளை அமைத்துப் பயிலுதல். சுவர், கயிறு, ஏணி, உத்தரம், அகழி என்பன அங்கு காடும் மேடும் செய்யும் வேலையைச் செய்தன. உலகெங்கும் இராணுவ முகாம்களிலும் தீயணைப்புப் படைகளின் பயிற்சித் தளங்களிலும் பாடசாலைகளிலும் நாம் காணும் தடைப் பாதைகளின் முன்னோடிகளுள் இதற்கே முதலிடம் உண்டு.

அப்பயிற்சியை நடத்திய விதமும் கவனிக்கத்தக்கது. ஒருவர் ஓட ஏனையோர் கைகட்டி நின்று பார்க்கும் வழக்கத்தை எபேர் ஏற்கவில்லை. மாணவர் ஆற்றலுக்கேற்பச் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, அலை அலையாக மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று, நடந்து திரும்புவர். எவரும் சும்மா நிற்பதில்லை. வல்லவர் விரைந்து முடித்து மேலதிகச் சுற்றுகளைச் செய்வர். மெலிந்தவர் தம் அளவுக்குச் செய்வர். ஒருவரை ஒருவர் முந்துவது முக்கியமன்று, நேற்றைய தன்னைவிட இன்றைய தான் முன்னேறியிருத்தலே முக்கியம் என்பது அங்கு நிலவிய ஒழுங்கு.

அம்முன்னேற்றத்தை அளப்பதற்கும் அவர் வழி கண்டார். 1911 இல் வெளியான வலிமையின் விதிகள் என்னும் பொருளுடைய அவரது நூல், ஓட்டம், பாய்ச்சல், கயிறேறல், பாரந் தூக்கல், எறிதல், நீச்சல், நீருக்கடியிற் செல்லல் முதலியவற்றை உள்ளடக்கிய 12 சோதனைகளை வகுத்தது. ஒன்றில் மட்டும் அதிசயிக்கத்தக்க திறமை காட்டி மற்றொன்றில் முற்றாகத் தவறுபவரை அவர் வலியவராகக் கொள்ளவில்லை. நூறு மீற்றரை மின்னலென ஓடுபவருக்கு நீந்தத் தெரியாவிடின் அவரது பயிற்சி நிறைவு பெறவில்லை என்பதே அவரது கணக்கு. பதக்கங்களை மட்டும் எண்ணிப் பழகிய எமக்கு இக்கணக்கு புதிதாகத் தோன்றலாம்.

1913 இல் பாரிஸில் நடைபெற்ற சர்வதேச உடற்கல்வி மகாநாட்டில் எபேரின் மாணவர் காட்டிய திறமை பெரும் பாராட்டைப் பெற்றது. அதே ஆண்டில் றெய்ம்ஸ் நகரில், செல்வந்தரான மெல்ஷியோர் டி பொலினியாக் என்பாரின் ஆதரவுடன் நிறுவப்பட்ட விளையாட்டு வீரர் கல்லூரியின் பணிப்பாளராக அவர் பொறுப்பேற்றார். பரந்த பூங்காவின் நடுவே ஓடுபாதைகளும் நீச்சல் தடாகமும் தடைகள் கொண்ட பயிற்சித் தளங்களுமாக அக்கல்லூரி விளங்கியது. ஆனால் அக்கனவு ஓராண்டு கூட நீடிக்கவில்லை. 1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. றெய்ம்ஸ் நகரம் பீரங்கித் தாக்குதலுக்கு இலக்காகி, கல்லூரியும் அழிந்தது. பெல்ஜியத்தின் டிக்ஸ்மூட் களத்தில் கடற்படை வீரர்களுடன் போரிட்ட எபேரும் படுகாயமுற்றார். பயிற்சி பெற்ற அவரது மாணவர் பலரும் போர்க்களத்திலிருந்து திரும்பவில்லை. உயிர் காக்க வகுக்கப்பட்ட முறை, மனிதரைப் போருக்குத் தயார்படுத்தும் முறையாகப் பரவியது வரலாற்றின் பெரும் முரணாகும்.

போரின் பின்னர் எபேரின் கவனம் பெண்கள் மீதும் சிறுவர்கள் மீதும் திரும்பியது. இறுக்கிக் கட்டிய உள்ளாடையால் மூச்சுத் திணறி, நான்கு சுவர்களுக்குள் அடங்கியிருப்பதே நாகரிகம் எனக் கருதப்பட்ட அந்நாளைய ஐரோப்பியப் பெண்களுக்கும் ஓடவும் ஏறவும் நீந்தவும் உரிமையுண்டு என்றார். பெண்களின் உடல் வலிமை குறித்து 1919 இல் நூலொன்றை வெளியிட்டார். நோர்மண்டிக் கரையோரத்தில் டோவில் நகரில் பெண்களுக்கெனப் பயிற்சி நிலையமொன்றையும் நடத்தினார். கடலோரத்தில் வாழும் பெண் நீந்த அறியாதிருப்பது அவருக்குப் பொறுக்க முடியாத ஒன்றாக இருந்தது.

அவர் எதிர்த்து நின்ற மற்றொரு விடயம் போட்டி விளையாட்டின் மிகை. நவீன ஒலிம்பிக்கின் தந்தையான கூபேர்த்தேனின் நாட்டிலேயே, அவர் வாழ்ந்த காலத்திலேயே, விளையாட்டு உடற்கல்விக்கு எதிரானது என்ற பொருளில் 1925 இல் நூலெழுதத் துணிந்தவர் எபேர். பணமும் புகழும் சாதனைப் பட்டியலும் நுழையும்போது, ஆயிரம் பேர் பார்வையாளராக அமர்ந்திருக்கப் பத்துப் பேர் மட்டும் ஓடுவர் என்பதே அவரது குறை. அவரது கண்டனம் சில இடங்களில் எல்லை மீறியது என்பது உண்மையே. போட்டி பலருக்கு ஊக்கமளிக்கின்றது என்பதையும் மறுக்க இயலாது. எனினும் அவர் சுட்டிக்காட்டிய நோய் இன்று எந்தப் பாடசாலை மைதானத்திலும் காணக்கூடியதே.

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜேர்மனியிடம் தோற்ற பின், 1940 இல் அமைந்த விஷி அரசாங்கம் எபேரின் முறையை இளைஞரிடையே பரப்பியது. கட்டளைக்குக் கீழ்ப்படியும் தலைமுறையொன்றை உருவாக்குவதற்கு அதனைக் கருவியாக்க அவ்வரசு முயன்றது. போரின் பின்னர் அம்முறையின் செல்வாக்குக் குன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. வலிமையை வளர்க்கும் எந்தக் கல்வியும், அது எதற்காக என்ற வினாவை இழக்கும்போது, பிறர் கைக்கு எளிதாகப் போய்விடும் என்பதற்கு இது சான்று.

1955 இல் பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் ஒவ் ஒனர் விருதில் உயர்நிலையொன்றை வழங்கிக் கௌரவித்தது. அந்திம காலத்தில் பக்கவாதம் அவரது உடலை முடக்கியது. வாழ்நாள் முழுவதும் பிறருக்கு நடக்கவும் ஓடவும் கற்பித்தவர், மீண்டும் நடக்கவும் பேசவும் எழுதவும் தாமே குழந்தையைப் போல் பயில வேண்டியதாயிற்று. அத்தடையையும் அவர் மனந்தளராது எதிர்கொண்டார். 1957 ஆகஸ்ட் மாதம் 2 ஆம் திகதி நோர்மண்டியில் அவரது உயிர் பிரிந்தது.

அவர் மறைந்தாலும் அவரது வழி மறையவில்லை. உலக நாடுகளின் படையினர் பங்குபற்றும் இராணுவப் பஞ்சகப் போட்டியில் 500 மீற்றர் தூரத்தில் 20 தடைகளைத் தாண்டும் ஓட்டம் இடம்பெறுகின்றது. சுவிற்சர்லாந்தில் 1968 முதல் காட்டுப் பாதைகளில் பொதுமக்களுக்கான உடற்பயிற்சித் தடங்கள் அமைக்கப்பட்டன. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மரக்குற்றிகளும் கயிறுகளும் கொண்டு சிறுவருக்கென அமைக்கப்படும் தடைப் பாதைகள் எபேரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. வியட்நாமில் பிறந்து, இந்த மரபில் பயின்று, பின்னர் பாரிஸ் தீயணைப்புப் படையில் பணியாற்றிய றேமண்ட் பெல் என்பாரிடமிருந்து அவரது மகன் டேவிட் பெல் பெற்ற பயிற்சியே, சுவர்களையும் கூரைகளையும் தாவிக் கடக்கும் பார்க்கூர் கலையாக வளர்ந்தது. பாதை என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லே அப்பெயரின் மூலம்.

இனி எமது மண்ணுக்கு வருவோம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டோர் இன்றும் எம்மிடையே உள்ளனர். வீழ்ந்த மரங்களையும் பறந்த கூரைத் தகடுகளையும் கடந்து பிள்ளைகளைத் தோளிற் சுமந்து சென்றவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கல்குடா, பாசிக்குடா கரைகளிலும் ஆழிப்பேரலை புகுந்தது. அன்று இலங்கையில் 30,000 இற்கும் அதிகமான உயிர்கள் பறிபோயின. சென் பியரில் மாண்டோரின் தொகையையும் விஞ்சிய இழப்பு அது. தென்னையைப் பற்றி ஏறியவர் பிழைத்தார். மதிலைத் தாண்டியவர் பிழைத்தார். நீந்தத் தெரிந்தவர் தாமும் பிழைத்து மற்றொருவரையும் இழுத்து வந்தார். கிழக்கின் பல கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக மாண்டனர். நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே பழக்கியிருந்தமை அதற்கான காரணங்களுள் ஒன்றென ஆய்ந்தோர் எடுத்துக்காட்டினர். கைக்குழந்தையை விட்டு ஓட மனமின்றி நின்ற தாய்மாரும் அவர்களுள் அடங்குவர். அன்பு அவர்களிடம் நிறையவே இருந்தது. அந்த அன்பைச் சுமந்து ஓடுவதற்கான பயிற்சியை நாம் அவர்களுக்கு அளித்திருக்கவில்லை.

அந்நாளில் நீரில் தத்தளித்தவர் எந்த இனத்தவர், எந்த மதத்தவர் என எவரும் கேட்கவில்லை. கையை நீட்டியவரும் பற்றியவரும் மனிதராகவே இருந்தனர். அதற்கு முந்திய ஆண்டுகளில் சந்தேகமும் வன்முறையும் பிரித்து வைத்திருந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் காத்த நாட்கள் அவை. அந்த நினைவு வெறும் நினைவாக மங்கிவிடக் கூடாது. அது பயிற்சியாக மாற வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. எமது மைதானங்களில் மணலுக்குக் குறைவில்லை. வீழ்ந்த தென்னங்குற்றிகள் சில, கடற்றொழிலாளர் கழித்துவிட்ட கயிறும் வலையும், பழைய ரயர்கள், தாழ்ந்த மதிலொன்று ஆகியன போதும். தடைகள் முதலில் தாழ்வாக இருக்க வேண்டும். விழும் இடம் மெதுவாக இருக்க வேண்டும். பொறுப்பான ஆசிரியர் அருகில் நிற்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியைகளின் மேற்பார்வையில் வேறாக நேரம் ஒதுக்கினால் இரு சமூகத்துப் பெற்றோரும் மறுக்கப் போவதில்லை. தோழியைத் தோளில் சுமந்து ஐம்பது அடி நடத்தலும் மைதானத்துப் பயிற்சியுள் சேர வேண்டும். நீச்சல் மட்டும் தனியே, பாதுகாப்பான ஆழத்தில், தேர்ந்தோரின் கண்காணிப்பில் கற்பிக்கப்பட வேண்டும். இவற்றுக்குப் பதக்கம் தேவையில்லை. ஆண்டின் தொடக்கத்தில் இயலாதிருந்த பிள்ளைக்கு ஆண்டிறுதியில் இயன்றதா என்பதைக் குறித்து வைத்தாற் போதும்.

வெற்றிக் கிண்ணங்கள் பாடசாலை அதிபரின் அறையிலுள்ள கண்ணாடி அலுமாரியை அலங்கரிக்கும். அவற்றால் பெருமையுண்டு. ஆயினும் கடல் மீண்டும் பொங்கினாலோ, 2011 ஜனவரியிற் போன்று வெள்ளம் மீண்டும் ஊரைச் சூழ்ந்தாலோ, அக்கிண்ணங்கள் எவரையும் கரை சேர்க்க மாட்டா. கடைசியாக ஓடி வந்த பிள்ளையும் நீந்தவும் ஏறவும் சுமக்கவும் கற்றிருந்தால் அதுவே அந்த ஊருக்குக் காவல். சாம்பல் மூடிய கரையொன்றில் எபேர் கற்ற பாடம் இது. அதே பாடத்தைப் பேரிழப்புடன் கற்ற நாம், அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னராவது அதனை மைதானத்தில் இறக்குவோமாக.